மூன்று சுழியும் தெரியட்டும்: தமிழ் எழுத்துரு வரைபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் எழுத்துரு வரையும் அன்பர்களுக்கு,

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கும்பாபிஷேக நோட்டீஸ், கடைக்காரர்களுக்கு பில் புக் என்று ஓடுகிறது பிழைப்பு. உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும் வரை நீங்கள் வரைந்த எழுத்துகளோடுதான் இருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். தலைப்புக்குப் போட, நல்ல கனமான தமிழ் எழுத்துருக்கள் வேண்டும். எல்லாக் கோடும் ஒரே தடிமனில் உருண்டு திரண்டிருக்கும் எழுத்தைக் கேட்கவில்லை. தடிக்க வேண்டிய கோடு நன்றாகத் தடித்து, மெலிய வேண்டிய கோடு மயிரிழையாக மெலிந்து, அந்த வேறுபாடு எட்டி நின்று பார்த்தாலே தெரிகிற எழுத்தைக் கேட்கிறேன். போடோனி, டீடோ என்ற ஐரோப்பிய எழுத்துகளைச் சொன்னால் உங்களுக்கு உடனே புரியும். அந்த வகையிலேயே மிகத் தடித்ததை ஆங்கிலத்தில் ஃபேட் ஃபேஸ் என்பார்கள். அது தமிழுக்கு, தமிழ் முறையில் வர வேண்டும். அழகும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், தமிழ் எழுத்தைத் தடிக்க வைத்தும் படிக்க வைக்க இதுதான் வழி என்று நான் நம்புவது.

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பத்திரிகை. மெரூன் அட்டை, மேலே தங்க ஃபாயிலில் 'திருமண அழைப்பிதழ்'. "தலைப்பு நல்லா எடுப்பா இருக்கணும்" என்று பையன் வீட்டார் சொல்லியிருந்தார்கள். கைக்குப் பழகிய ஓர் எழுத்துருவை எடுத்தேன். அதில் தடித்த வடிவம் கிடையாது. மென்பொருளில் இருக்கும் போல்டு பட்டனை அழுத்தினேன். போதவில்லை. எழுத்தைச் சுற்றி அரை பாயிண்ட் அவுட்லைன் கொடுத்தேன். திரையில் ஜம்மென்று இருந்தது. ஃபாயில் அடிக்கும் உலோக பிளாக் எடுத்து, 400 கார்டு அடித்து, கட்டி வைத்துவிட்டேன்.

வாங்க வந்தவர்களோடு பெண்ணின் அப்பத்தாவும் வந்திருந்தார். ஒரு கார்டை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். 'ண'வில் விரல் நின்றுவிட்டது.

"தம்பி, இது மூணு சுழியா, ரெண்டு சுழியா?"

"மூணு சுழிதாம்மா" என்று திரையில் பெரிதாக்கிக் காட்டினேன்.

"கம்ப்யூட்டர்ல இருக்கு, சரி. கார்டுல எங்க இருக்கு?"

கார்டில் இல்லைதான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சூட்டில் ஃபாயில் பரவி, ஏற்கெனவே ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்த சுழிகளை மூடிவிட்டது. ஒரு தங்கக் கட்டி, அதிலிருந்து ஒரு கால். 'திருமண' என்று படித்தால் திருமண, 'திருமன' என்று படித்தால் திருமன. அன்று ராத்திரியே மெல்லிய எழுத்தில் வேறு பிளாக்குக்குக் கொடுத்து, 400 கார்டையும் புதிதாக அடித்துத் தந்தேன். இப்போது சுழி தெரிந்தது. பையன் வீட்டார் கார்டைப் பார்த்துவிட்டு, "தலைப்பு சவசவன்னு இருக்கே" என்றார்கள். அப்பத்தா கேட்டதும் நியாயம், இவர்கள் சொன்னதும் நியாயம். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுக்க என்னிடம் ஓர் எழுத்து இல்லை.

போல்டு பட்டன் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. இதைப் படிக்கப்போகும் என் தொழில்காரர்களுக்காகச் சொல்கிறேன். எழுத்தின் விளிம்பை எல்லாப் பக்கமும் ஒரே அளவுக்கு ஊதிவிடுகிறது, அவ்வளவுதான். வெளியே ஊதுகிற அளவுக்கு உள்ளேயும் ஊதும். ரோமன், அதாவது ஆங்கில எழுத்தான 'ஓ'வுக்கு உள்ளே ஒரே ஒரு பெரிய வெளி. கொஞ்சம் குறைந்தாலும் குடி முழுகாது. நம் 'ண'வில் மூன்று சின்னச் சுழி, அடுத்தடுத்து, இடையில் மூச்சு விட இடமில்லாமல். ரோமன் 'எம்' எழுத்துக்குக்கூட இந்த நெரிசல் கிடையாது. அங்கே எல்லாக் கோட்டையும் சமமாக ஊதினால் முதலில் சாவது சுழிதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டம் போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சுழிக்கு 8 கட்டம் அகலம், 7 கட்டம் உயரம். கணக்குக்கு வசதியாக அதைச் சதுரச் சுழியாகவே வைத்துக்கொண்டேன். எல்லாப் பக்கமும் 3 கட்டத் தடிமன் கொடுத்தால் உள்ளே மிஞ்சுவது 2 கட்டம் அகலம், 1 கட்டம் உயரம். மொத்தம் 2 கட்ட வெளி. அப்புறம் அதே சுழியில் ஒரு பக்கக் குத்துக்கோட்டுக்கு மட்டும் 5 கட்டம் கொடுத்து, மற்ற மூன்று பக்கத்தையும் அரைக் கட்டமாக மெலிய விட்டேன். உள்ளே இரண்டரைக் கட்டம் அகலம், 6 கட்டம் உயரம். 15 கட்ட வெளி! முன்பு இருந்ததைவிட அந்த ஒரு கோடு தடித்திருக்கிறது, சுழியும் திறந்திருக்கிறது. ஒரு கோடு தடிக்கும்போதே உள்ளே வெளுப்பும் கூடுகிறது. நோட்டை மூடவே மனம் வரவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இந்த 15 கட்டத்தைத்தான்.

ஐரோப்பியர்கள் இதைக் கண்டுபிடித்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நமக்கு அதில் பாடம் இருக்கிறது. பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் 1757-இல் தன் முதல் புத்தகத்தை அச்சிட்டார். அதுவரை இருந்த எழுத்தைவிடத் தடிப்புக்கும் மெலிவுக்கும் வேறுபாடு அதிகம். அந்த மெல்லிய கோடு காகிதத்தில் நிற்க வேண்டுமே என்பதற்காக வழவழப்பான காகிதம், நல்ல கறுப்பு மை என்று எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார். உடனே புகார் வந்தது, கண் கெட்டுப்போகும் என்று. 1760-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பாஸ்கர்வில் எழுத்து நாட்டு மக்களையே குருடாக்கிவிடும் என்று ஒருவர் சொன்னாராம். ஃபிராங்க்ளின் உள்ளே போய், காஸ்லான் எழுத்தின் மாதிரித் தாள் ஒன்றில் மேல் பகுதியைக் கிழித்துவிட்டுக் கொண்டுவந்து, இதுதான் பாஸ்கர்வில் என்று நீட்டினார். அந்த மனிதர் அதிலும் வரிசையாகக் குறை கண்டுபிடித்தார். அவர் காலம் முழுக்கப் படித்துப் பழகிய எழுத்து அது! புதிதாகத் தடிப்பும் மெலிவும் கொண்ட தமிழ் எழுத்தை நீங்கள் கொண்டுவந்தால் உங்களுக்கும் இதே புகார் வரும். அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

பாஸ்கர்வில் போட்ட பாதையில் பாரிஸில் டீடோ குடும்பத்தாரும், இத்தாலியில் பார்மா நகரத்தில் ஜாம்பாட்டிஸ்டா போடோனியும் இன்னும் தூரம் போனார்கள். போடோனி 1768-இல் பார்மா பிரபுவின் அச்சகத்துக்குப் பொறுப்பேற்றவர். 1813-இல் இறக்கும் வரை எழுத்து வெட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய மாதிரி எழுத்துகளின் தொகுப்பை, அவர் மனைவி மார்கெரீட்டா 1818-இல் இரண்டு தொகுதிகளாக அச்சிட்டு முடித்தார். ஒரே எழுத்து வடிவத்தை அளவுக்கு அளவு தனித்தனியாக வெட்டியிருப்பதை அதில் பார்க்கலாம். இதற்குக் கீழே மறுபடி வருகிறேன்.

இதையெல்லாம் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் லண்டன்காரர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரொட்டி பெருகியது. எட்ட இருந்து கண்ணை இழுக்கிற எழுத்து வேண்டியிருந்தது. ராபர்ட் தோர்ன் என்ற எழுத்து வார்ப்பாளர்தான் இதைத் தொடங்கி வைத்தார் என்று சொல்வார்கள். புத்தக எழுத்தை எடுத்து, தடித்த கோட்டை மட்டும் அநியாயத்துக்குத் தடிக்க வைத்து, மெல்லிய கோட்டை அப்படியே விட்டார்கள். குத்துக்கோட்டின் தடிமன் எழுத்தின் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு! லாட்டரி விளம்பரத் தாள்களில் இந்த எழுத்துதான் கொட்டிக் கிடந்தது. 1820-இல் தோர்ன் இறந்ததும் அவர் வார்ப்படச் சாலை ஏலத்துக்கு வந்தது. வாங்கியவர் வில்லியம் தாரோகுட். லாட்டரியில் விழுந்த பணத்தில்தான் வாங்கினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதற்கு நூறு ஆண்டு கழித்து அமெரிக்காவில் அதே எழுத்து மறுபடி எழுந்தது. மாரிஸ் ஃபுல்லர் பென்டன் 1928-இல் அல்ட்ரா போடோனி வரைந்தார். அடுத்த ஆண்டே லினோடைப் நிறுவனத்துக்காக சான்சி கிரிஃபித் போஸ்டர் போடோனி வரைந்தார். இன்றைக்கு ஏப்ரில் ஃபேட்ஃபேஸ், பிளேஃபேர் டிஸ்பிளே என்று காசில்லாமலே கிடைக்கின்றன. என் கடைக்கு வரும் பத்திரிகைகளில் மாப்பிள்ளையின் படிப்பும் மண்டபத்தின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தால் பாதிக்குப் பாதி இந்த எழுத்துகளில்தான் போகிறது. பக்கத்திலேயே தமிழ், அவுட்லைன் கொடுத்து ஊத வைத்த எழுத்தில். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. ஒரே பந்தியில் ஒருத்தருக்கு வாழை இலை, ஒருத்தருக்குக் கிழிந்த தாள் போட்ட மாதிரி இருக்கும்.

சரி, போடோனியைத் தமிழில் அப்படியே இறக்கிவிட முடியுமா? முடியாது. இறக்கவும் கூடாது. இந்த இடத்தில்தான் நீங்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

முதல் விஷயம், கோட்டின் நுனியில் ஒட்டியிருக்கும் குறுக்குக் கோடு, அதாவது செரிஃப். ரோமனில் அது பிறவியிலேயே வந்தது. நமக்கு அப்படி ஒன்று இல்லை. தமிழ் எழுத்துக்குச் செரிஃப் போடுகிறேன் என்று துணைக்காலின் அடியில் ஒரு பாதம் ஒட்டினால் என்ன ஆகும்? துணைக்காலையும் 'ர'வையும் பிரித்துக் காட்டுவது அடியில் இருக்கும் அந்தச் சின்ன இழுப்பு மட்டும்தான். காலுக்குப் பாதம் ஒட்டினால் அது 'ர' ஆகிவிடும். 'பாம்பு' என்று எழுதினால் 'பரம்பு' என்று படிப்பார்கள். ஒரு விளம்பரத்தில் ஒருவர் ஆசையாகப் பாதம் ஒட்டி வரைந்த எழுத்தைப் பார்த்து, ஊர்ப் பெயரையே தப்பாகப் படித்திருக்கிறேன். போடோனியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கோட்டுக்குக் கோடு எடையைப் பங்கு போடும் முறையை. பாதத்தை அவரிடமே விட்டுவிடலாம்.

அடுத்தது, எந்தக் கோட்டைத் தடிக்க வைப்பது? ரோமன் எழுத்துக்கு இதில் குழப்பமே இல்லை. பேனா கீழே இறங்கும்போது அழுந்தும், மேலே ஏறும்போது மெலியும். கை செய்ததை எழுத்து வாங்கிக்கொண்டது. நம் முன்னோர் எழுதியது பனை ஓலையில், எழுத்தாணியால். எழுத்தாணி கீறுகிற கோடு எல்லாத் திசையிலும் ஒரே தடிமன். நமக்கு அந்தப் பக்கமிருந்து ஆயத்தமான பதில் வராது. ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. நம் ஊர்ச் சுவர்களைப் பாருங்கள். தேர்தலுக்கும் கடை விளம்பரத்துக்கும் தட்டையான பிரஷ்ஷில் எழுதிய எழுத்துகள். பிரஷ்ஷைப் பிடிக்கும் சாய்வுக்குத் தக்கபடி ஒரு திசையில் அகலக் கோடு, ஒரு திசையில் விளிம்புக் கோடு. ஓவியர் அதை யோசித்துச் செய்வதில்லை. கை திரும்புகிற இடத்தில் பிரஷ் தானாகவே மெலிகிறது. நல்ல கை உள்ள ஓர் ஓவியர் 'ண' எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சுழிக்குள் போகும்போது பிரஷ்ஷை விரலிடையில் லேசாக உருட்டி, விளிம்பில் எழுதிவிட்டு, வெளியே வந்ததும் மறுபடி அகலமாக்குவார். அந்த உருட்டலில் இருக்கிறது நமக்கு வேண்டிய பதில். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தக் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவர்கள் எழுதிய சுவர்கள் வெள்ளையடிபடுவதற்குள் போய்ப் படம் எடுத்து வையுங்கள். பழைய வாரப் பத்திரிகைகளில் கதைத் தலைப்புகளைக் கையால் எழுதிய காலம் ஒன்று இருந்தது. அவற்றையும் தேடி எடுங்கள்.

என் நோட்டில் நான் முட்டி மோதிப் பார்த்ததையும் சொல்கிறேன். நான் ஓவியன் இல்லை, பென்சிலும் ஸ்கேலும்தான். எல்லாக் குத்துக்கோட்டையும் தடிக்க வைத்துப் பார்த்தேன். 'ட', 'ப', 'ம' எல்லாம் கம்பீரமாக நின்றன. 'ண' மட்டும் கம்பி வேலி மாதிரி ஆகிவிட்டது. திருப்பி, படுக்கைக் கோட்டைத் தடிக்க வைத்துக் குத்துக்கோட்டை மெலிய விட்டேன். 'ண'வும் 'ன'வும் திறந்துகொண்டன. ஆனால் 'ப' கால் மெலிந்த பெஞ்சு கவிழ்ந்து கிடப்பதுபோல் ஆனது. மூன்றாவதாக, ஒரு சுழிக்கு ஒரு தடித்த கோடு மட்டும், கடைசியில் இறங்கும் காலுக்கு முழுத் தடிப்பு, மேலே போகும் தலைக்கோடு நடுத்தரம் என்று வைத்தேன். இதுதான் ஓரளவு நின்றது. ஆக, ஒரே விதியை 247 எழுத்துக்கும் இழுத்துப் பிடிக்க முடியாது. எழுத்துக்கு எழுத்து விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அந்த விட்டுக்கொடுத்தல் கண்ணுக்குத் தெரியாமல் வரிசை ஒன்றாக நிற்கும்படி செய்வதுதான் உங்கள் வித்தை. என்னால் முடியாதது அது.

'ண'வைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கொம்பையும் பாருங்கள். தொல்காப்பியம் எழுத்து முறை சொன்ன காலத்தில் குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைத்துப் பிரித்தார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுகிறவர்கள் விட்டுவிட, குறில் எது நெடில் எது என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பின் மேல் சுழித்து இரட்டைக்கொம்பாக்கினார் என்று படித்திருக்கிறோம். அந்த ஒரு சுழிதான் 'கெட்டான்' என்பதையும் 'கேட்டான்' என்பதையும் பிரிக்கிறது. அதை மை அடைத்துவிட்டால், வீரமாமுனிவருக்கு முந்திய காலத்துக்கே நாம் திரும்பிப் போய்விடுகிறோம். 'வீடு விற்பனைக்கு' என்ற பலகையில் மேல்வளைவின் நுனிச் சுழி மூடிப்போனால் 'விடு விற்பனைக்கு'. பணியும் பனியும், ஆணியும் ஆனியும், திணையும் தினையும் இதே கதைதான். ரோமன் எழுத்தில் உள்வெளி மூடினால் எழுத்து அசிங்கமாகும், ஆனாலும் படித்துவிடலாம். தமிழில் சொல்லே மாறிப்போகும்.

இப்போது அளவு விஷயம். போடோனி அளவுக்கு அளவு தனியாக வெட்டினார் என்று சொன்னேன் அல்லவா. பெரிய எழுத்துக்கு மயிரிழை அழகு. அதையே சின்னதாக்கினால் மயிரிழை காணாமல் போகும், தடித்த கோடு மட்டும் துண்டு துண்டாக நிற்கும். அதனால் சின்ன அளவில் மெல்லிய கோட்டைச் சற்றே தடிக்க விட்டு வெட்டினார்கள். கணினி வந்த புதிதில் ஒரே வரைபடத்தை எல்லா அளவுக்கும் நீட்டிச் சுருக்கி, போடோனி என்றால் படிக்க முடியாத எழுத்து என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். 1990-களில்தான் அதைச் சரிசெய்தார்கள். ஐ.டி.சி. என்ற எழுத்துரு நிறுவனத்தின் போடோனி 6, 12, 72 பாயிண்ட் என்று மூன்று வரைபடங்களோடு வந்தது. ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக ஜோனதன் ஹோஃப்லர் வரைந்த டீடோவில் 7 அளவுக்கு 7 வரைபடம்.

நமக்கும் இது புதிதில்லை. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு காலத்தில் ஜெர்மனியின் ஹாலெ நகரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழ் எழுத்துகள் பெரியதாக இருந்து காகிதத்தைத் தின்றன. அதனால் இங்கேயே சின்ன எழுத்தை வார்த்தார்கள். அளவு மாறும்போது எழுத்தையே மாற்றி வார்க்க வேண்டும் என்பதைத் தமிழ் அச்சு 300 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. இன்று உங்களுக்கு ஈயம் உருக்க வேண்டாம். 2016-இல் மாறும் எழுத்துரு (வேரியபிள் ஃபான்ட்) முறை வந்துவிட்டது. ஒரே கோப்பில் அளவுக்கு ஓர் ஆக்சிஸ், அதாவது கூட்டிக் குறைக்கும் திருகு போன்ற ஒன்று வைத்து, பாயிண்ட் குறையக்குறைய மெல்லிய கோடு தானாகத் தடிக்கும்படி செய்யலாம். தடிப்புக்கு ஓர் ஆக்சிஸ் வைக்கும்போதே அளவுக்கும் ஒன்று வைத்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அது முடியாவிட்டால், தலைப்புக்கு ஒன்று, துணைத் தலைப்புக்கு ஒன்று என்று இரண்டு வரைபடமாவது கொடுங்கள்.

இருக்கிற எழுத்துருக்களைக் குறை சொல்ல வரவில்லை. நோட்டோ செரிஃப் தமிழில் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை 9 படிகள் இருக்கின்றன. எனக்குப் பல நாள் சோறு போட்டது அது. ஆனால் அது நூலின் உள்பக்கத்துக்கு வரைந்த எழுத்து. தலைப்பில் வைத்தால் அடக்கமாகவே நிற்கும். பாலூ தம்பி என்ற எழுத்துரு கனமாக, சிரித்த முகமாக இருக்கும். காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் அதை விட்டால் ஆளில்லை. ஆனால் அதன் கோடுகள் உருண்டை, தடிப்பு மெலிவு விளையாட்டு அதன் வேலை இல்லை. காடமரான், அனெக் தமிழ் இரண்டுமே நேர்த்தியானவை, அவை வேறு சாதி. கல்யாணப் பத்திரிகையின் தலைப்பு, கோயில் மலரின் அட்டை, ஒரு நினைவு மலரின் முகப்பு, இங்கெல்லாம் கம்பீரமும் வேண்டும், நகாசும் வேண்டும். அந்த நாற்காலி காலியாக இருக்கிறது.

எழுத்துருவோடு ஒரு பக்கக் குறிப்பும் வையுங்கள், தமிழில். எந்தப் பாயிண்டுக்குக் கீழே போடக் கூடாது என்று அதில் எழுதுங்கள். எங்கள் பக்கத்துத் தப்பையும் நான் மறைக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று மயிரிழை எழுத்தை எடுத்துப் பத்திரிகையின் உள்பக்கம் முழுக்க 10 பாயிண்டில் ஓட்டிவிடுவோம். தாய்மாமன் பெயரைத் தேடி முதியவர்கள் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பார்கள். கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தாக ரிவர்ஸ் போடும்போது சுற்றிலும் உள்ள மை உள்ளே கசிந்து மெல்லிய கோட்டைத் தின்றுவிடும். நான்கு வண்ணத்தில் கலந்த நிறத்தை மயிரிழைக்குக் கொடுத்தால், ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு கோட்டுக்குப் பதில் மங்கலாக இரண்டு கோடு வரும். ஒற்றை நிறத்தில் போடு என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் எத்தனையோ ரீம் காகிதத்தை மிச்சப்படுத்தியிருப்பேன். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மெஷ்ஷின் கண்ணைவிட மெலிந்த கோடு பல் பல்லாக உடையும். இதெல்லாம் ஒரு தாளில் அடங்கும். நீங்கள் எழுதினால் நாங்கள் கேட்போம்.

சோதனை செய்யும்போது அழகான சொற்களை மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். 'தமிழ்' என்ற சொல்லில் எந்த எழுத்துருவும் தப்பித்துவிடும். அதில் 'ண'வைப் போல நெருங்கி நிற்கிற சுழி இல்லை. 'கண்ணன் மண்ணைக் கேட்டான்', 'வீணை', 'பேரணி', 'திருமண அழைப்பிதழ்', 'அண்ணன் பணி நிறைவு' என்று போட்டுப் பாருங்கள். இணைக்கொம்பு 'ண'வுக்கு முன்னால் நிற்கிற 'ணை' ஒன்று போதும். கொம்பில் இரண்டு சுழி, எழுத்தில் மூன்று. ஐந்து சுழியும் 24 பாயிண்டில், மட்டமான காகிதத்தில் திறந்து நின்றால் அந்த எழுத்துரு எங்கேயும் நிற்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு 'ணை'க்குத் தனி வடிவம் இருந்தது, யானைத் துதிக்கை மாதிரி வளைந்து. அந்த வளைவில் தடிப்பும் மெலிவும் எவ்வளவு அழகாக விழும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. பள்ளிக்கூடத்துக்கும் செய்தித்தாளுக்கும் வேண்டாம். ஒரு கோயில் மலருக்காகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். விருப்பப்பட்டால் மாற்று வடிவமாக உள்ளே வைத்துவிடுங்கள்.

தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் வரும், அதைத் தவிர்க்க முடியாது. ரோமன் எழுத்தையும் நீங்களே சேர்த்து வரைந்தால், தமிழை முதலில் வரைந்துவிட்டு அதன் கறுப்புக்குத் தக்கபடி ரோமனை வரையுங்கள். வழக்கமாக நடப்பது தலைகீழ். ரோமன் முடிந்த பிறகு அதன் உயரத்துக்குள் தமிழை அமுக்குகிறார்கள். 'ண'வை அமுக்கினால் என்ன ஆகும் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டேன்.

காசு வாங்கிக்கொண்டே கொடுங்கள். நல்ல எழுத்துக்குக் கொடுக்க என்னைப் போல் பல பேர் தயாராக இருக்கிறோம். ஒரு சின்னக் கடை தாங்குகிற விலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பங்குக்கு ஒன்று செய்ய முடியும். 'ண', 'ணை', 'கே', 'வீ' இந்த நான்கு எழுத்தை மட்டும் வரைந்ததும் அனுப்புங்கள், எழுத்துரு முடிகிற வரை காத்திருக்க வேண்டாம். என் செலவில் பிளாக் எடுத்து, தங்க ஃபாயிலில் ஒன்று, ஆஃப்செட்டில் ரிவர்ஸ் ஒன்று, ஸ்கிரீனில் ஒன்று, நியூஸ் பிரிண்ட்டில் ஒன்று அடித்து, எந்தச் சுழி எந்தக் காகிதத்தில் மூடுகிறது என்று வட்டம் போட்டு, தாளையே தபாலில் திருப்பி அனுப்புகிறேன். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, மிஷின் சும்மாதான் நிற்கும். அதற்குள் வந்தால் நல்லது. தை பிறந்துவிட்டால் எனக்கு மூச்சு விட நேரமிருக்காது.

அன்புடன்,
கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒருவன்